ரயில் நின்றுபோன பாதையில் ஒரு நாள்: லோக் லப்னைக் கரையா, கிளென் ஓகிளா?

கிளாஸ்கோவுக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் நாலைந்து நாள் ஊர் சுற்றிய பிறகு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஒரு நாள் மிச்சம் இருக்கு. ஹைலாண்ட்ஸ் பக்கம் கொஞ்சம் நடக்கணும். ஆனா மலை ஏற முடியாது. எங்கே போகலாம்?" ஸ்காட்லாந்தின் அந்த மலைநாட்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆயிரம் மீட்டர் ஏற முழங்காலும் விடுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில், ரயில் நின்றுபோன பழைய பாதைகள்.

அதற்குக் காரணம் நீராவி எஞ்சின்தான். அதனால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே பாதை போட்டவர்கள் மலையின் இடுப்பில் பாறையை வெட்டி, ஓடைகளின் மேல் பாலம் கட்டி, மெல்ல மெல்லச் சாய்வாக ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளென் ஓகிள் என்ற பள்ளத்தாக்கில் அந்தச் சாய்வு 60க்கு 1. அதாவது 60 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயர்வோம். பெட்டிகளை இழுத்த எஞ்சினுக்கு அது பெரும் பாடு. நம் காலுக்கு ஏறுகிறோம் என்பதே தெரியாது. மலைச்சரிவின் நடுவில் நின்றுகொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடம், ஏறி மூச்சு வாங்காமலே நமக்குக் கிடைத்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட பாதைகள் நிறைய உண்டு. ஸ்பே ஆற்றங்கரையில் கிரெய்கெலகி ஊரிலிருந்து பாலிண்டாலக் வரை போகும் பாதை அழகானது, வழியெல்லாம் விஸ்கி ஆலைகள். ஆனால் கிளாஸ்கோவிலிருந்து காரில் போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தவிர, அது ஸ்ட்ராத், அதாவது அகன்ற ஆற்றுச் சமவெளி. கிளென் என்றால் இரு பக்கமும் மலை நெருக்கி நிற்கும் குறுகிய பள்ளத்தாக்கு. ஒரே நாளில் போய் வர வேண்டும், கிளென்னாகவும் இருக்க வேண்டும் என்றால் என் தேர்வு கலண்டர்–ஓபன் ரயில் பாதைதான்.

இந்தப் பாதையின் கதை தெரிந்தால் நடப்பது இன்னும் நன்றாக இருக்கும். 1858-இல் டன்பிளேனிலிருந்து கலண்டர் வரை ரயில் வந்தது. அங்கிருந்து மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஓபன் துறைமுகத்துக்கு இன்னொரு கம்பெனி பாதை போடத் தொடங்கியது. பணம் போதவில்லை. 1870-இல் கிளென் ஓகிளின் உச்சிவரை வந்து நின்றது. 1873-இல் டின்ட்ரம், 1877-இல் டால்மாலி என்று தவணை தவணையாக நகர்ந்து, 1880-இல்தான் ஓபனைத் தொட்டது. பின்னர் 1965-இல், நஷ்டமென்று பல பாதைகளை மூடிய காலத்தில், இதன் கிழக்குப் பாதிக்கும் நவம்பர் 1 என்று நாள் குறித்தார்கள். அதுவரை மலை காத்திருக்கவில்லை. செப்டம்பர் 27 அன்று கிளென் ஓகிளில் பாறை சரிந்து பாதையை அடைத்தது. ஐந்து வாரத்தில் மூடப்போகும் பாதைக்கு யார் செலவு செய்வார்கள்? அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று கிளாஸ்கோவிலிருந்து ஓபன் போகும் ரயில் கிரையன்லாரிக் வழியாகச் சுற்றிப் போய், பழைய பாதையின் மேற்குப் பாதியில் சேர்ந்துகொள்கிறது.

கைவிடப்பட்ட கிழக்குப் பாதியில் ஒரு நாள் நடைக்கு ஏற்ற பகுதிகள் இரண்டு. இரண்டுமே தேசிய சைக்கிள் பாதை எண் 7-இலும், டிரைமனிலிருந்து பிட்லாக்ரி வரை போகும் ராப் ராய் நெடுநடைப் பாதையிலும் வருகின்றன. ஆகவே வழிகாட்டிப் பலகை இருக்கும், வழி தவறும் பயம் குறைவு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் குழப்பம்.

முதலாவது கலண்டரிலிருந்து ஸ்ட்ராத்தயர் வரை. சுமார் 14, 15 கிலோமீட்டர். ஊரை விட்டு வெளியே வந்ததும் லெனி கணவாய் தொடங்கும். ஹைலாண்ட்ஸையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவு கலண்டர் வழியாகத்தான் போகிறது. அதனால் கடைத்தெருவை விட்டு அரை மணி நேரம் நடப்பதற்குள் நிலம் வேறாகிவிடுகிறது. வயல் முடிந்து பாறையும் காடும் ஆரம்பிக்கிறது. லெனி அருவி பக்கத்திலேயே இரைகிறது. அதைத் தாண்டினால் லோக் லப்னைக் ஏரி. அதன் மேற்குக் கரையில், பென் லெடி மலையின் காலடியில், மரங்களுக்கு நடுவே போகிறோம்.

நான் முதலில் நடந்தது இதைத்தான். நாள் முழுக்க மழை. ஆனாலும் குறை சொல்ல முடியவில்லை. மரக்கூரை பாதி மழையைத் தாங்கிக்கொண்டது, காற்று அடிக்கவில்லை, ஏரியின் மேல் பஞ்சு மாதிரி மேகம் இறங்கி நின்றது. மழை நாளுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. கலண்டர் ஓரளவு பெரிய ஊர். பேக்கரி, டீக்கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஸ்டெர்லிங் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். கார் இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, கோடையில் இலை அடர்ந்தால் ஏரி விட்டுவிட்டுத்தான் தெரியும். எதிர்க்கரையில் பெரிய சாலை ஓடுவதால், தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் மோட்டார் சைக்கிள் சத்தம் ஏரியைத் தாண்டி வந்து கேட்கும். இரண்டாவது, இதன் வடக்குப் பகுதியில் பாதை சில இடங்களில் ரயில் தடத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் ஏறி இறங்குகிறது. முழுக்கச் சமதளம் என்று நினைத்து வந்தவர்கள் பத்தாவது கிலோமீட்டருக்கு மேல் அந்த ஏற்றங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். அப்புறம், இங்கே நடக்கும்போது இது ரயில் பாதை என்பதே மறந்துபோகும். நல்ல ஏரிக்கரை நடை, அவ்வளவுதான்.

கிளென் ஓகிள் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு அடியிலும் ரயில் இருக்கிறது.

லோக் எர்ன் ஏரியின் மேற்கு முனையில் லோக்எர்ன்ஹெட் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து வடமேற்காக ஏறும் பள்ளத்தாக்குதான் கிளென் ஓகிள். அடியில் ஓடை, கிழக்குச் சரிவில் ஏ85 சாலை, மேற்குச் சரிவில் உயரே ரயில் பாதை. மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி போகின்றன. போதாததற்கு நாலாவதாக ஒன்றும் உண்டு: 18-ஆம் நூற்றாண்டில், பதவி இழந்த ஸ்டுவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற நடந்த யாக்கோபைட் கிளர்ச்சிகளுக்குப் பிறகு படைகளை நகர்த்த மேஜர் கால்ஃபீல்ட் போட்ட ராணுவச் சாலை, பள்ளத்தின் அடியில் புல் மூடிக் கிடக்கிறது. இந்தப் பக்கமாக வடக்கே போக வேண்டியவர்கள் எல்லோரும் இந்த ஒரே இடுக்கில்தான் நுழைய வேண்டியிருந்தது.

ரயில் போன தடத்தில் நடக்கும்போது ஒரு பக்கம் வெட்டிய பாறைச் சுவர், கசியும் தண்ணீர், பெரணி. மறுபக்கம் திறந்த வெளி. வழியில் சரிந்து கிடக்கும் பாறைகள் சில வீடு அளவு பெரியவை. 1965-இல் ஏன் கைவிட்டார்கள் என்று விளக்கத் தேவையே இல்லை, மேலே நிமிர்ந்து பார்த்தால் போதும். மலை இன்னும் ஓயவில்லை. 2004 ஆகஸ்ட் 18 அன்று கனமழையில் எதிர்ச்சரிவிலிருந்து மண்ணும் கல்லும் இரண்டு இடங்களில் வழிந்து ஏ85 சாலையை மூடியது. நடுவில் சிக்கிய 57 பேரை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். இதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே, பிராண்டர் கணவாயில், 1880-களிலேயே கம்பெனிச் செயலாளர் ஜான் ஆண்டர்சன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மலைச்சரிவில் வரிசையாகக் கம்பி கட்டி, பாறை உருண்டு கம்பி அறுந்தால் சிக்னல் தானாக அபாயம் காட்டும்படி அமைத்தார். காற்றில் அந்தக் கம்பிகள் ஒலிப்பதால் ஆண்டர்சனின் பியானோ என்று அதற்குப் பெயர். இந்த மண்ணில் ரயில் ஓட்டியவர்கள் எந்நேரமும் மேலே ஒரு கண் வைத்தபடியேதான் ஓட்டினார்கள்.

பிறகு அந்தப் பாலம். பள்ளத்தைக் குறுக்கே தாண்டும் பாலம் இல்லை இது. பாதை போட இடமில்லாத செங்குத்துப் பாறையை ஒட்டி, பன்னிரண்டு கல் வளைவுகளை நிறுத்தி, அதன் மேல் தண்டவாளத்தை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாலத்தின் மேல் நடப்பவருக்குப் பாலம் தெரியாது. கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தால்தான் கீழே வளைவுகள் இருப்பது புரியும். எதிரே சாலையிலிருந்தோ கீழே ராணுவச் சாலையிலிருந்தோ பார்த்தால்தான் அது முழுசாகக் கண்ணில் விழும். ஆகவே பாலத்தைப் பார்க்க வேண்டுமா, பாலத்தில் நடக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கிளென் ஓகிளுக்கு உள்ளேயே மூன்று விதமாக நடக்கலாம். மூன்றுக்கும் வித்தியாசம் இதில்தான்.

வட்டமாகப் போவது ஒரு வழி. லோக்எர்ன்ஹெட்டிலிருந்து ராணுவச் சாலை வழியாக அடிப்பள்ளத்தில் ஏறி, உச்சியில் ரயில் பாதையைப் பிடித்து இறங்கலாம். 10, 11 கிலோமீட்டர். பாலத்தைக் கீழிருந்தும் பார்ப்பீர்கள், மேலும் நடப்பீர்கள். கார் நிறுத்திய இடத்துக்கே திரும்பலாம். ஆனால் கீழ்ப்பாதி ரயில் பாதை போல இருக்காது. சேறு, ஓடை, ஈரப் புல், நடுவில் வேகமாக வண்டிகள் வரும் சாலையைக் கடக்க வேண்டும். கணுக்கால் மூடிய பூட்ஸ் இருந்தால் மட்டும் போங்கள். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவில் போன என் தம்பி முதல் ஒரு மணி நேரத்திலேயே சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தான்.

உச்சியிலிருந்து போய்த் திரும்புவது இன்னொரு வழி. சாலையின் உச்சியில் லாரிக் கீலே என்ற குட்டி ஏரிக்குப் பக்கத்தில் வண்டிகள் ஒதுங்க இடம் இருக்கிறது. அங்கே காரை விட்டுவிட்டு, ரயில் பாதையில் சுமார் 2 கிலோமீட்டர் மெல்ல இறங்கினால் பாலம் வந்துவிடும். பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். அம்மா மூன்று மாதம் வந்து தங்கியிருந்தபோது நான் இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் வலிக்காரர். வீட்டிலிருந்து எடுத்துப் போன புளிச்சோற்றைப் பாலத்துச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு கோட்டைகளைப் பற்றி அவர் பேசவே இல்லை, இந்த இடத்தைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கிறார். வயதானவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை என்றால் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் போர் விமானம் விழுந்து இறந்த இருவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1994-இல் நடந்தது. கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, முழுசாக நடப்பது: லோக்எர்ன்ஹெட்டுக்கும் கில்லினுக்கும் நடுவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கால் நன்றாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன்.

பெரும்பாலோர் தெற்கே லோக்எர்ன்ஹெட்டில் தொடங்கி வடக்கே கில்லினில் முடிக்கிறார்கள். நியாயம் உண்டு, கில்லினில் டாக்கர்ட் அருவி ஊருக்கு நடுவே, பழைய கல் பாலத்துக்கு அடியில், பாறைப் படிகளில் புரண்டு ஓடுகிறது. அங்கே போய்க் காலை நீட்டி உட்காருவது நல்ல முடிவுதான். ஆனால் அப்படிப் போனால் லோக்எர்ன்ஹெட்டில் தொடக்கத்திலேயே சிரமம். ஊர் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் பாதை அதற்கு மேலே இன்னொரு 100 மீட்டர் உயரத்தில் போகிறது. அதை எட்ட வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதைதான் உண்டு, அது ரயிலுக்காகப் போட்டதில்லை. அதைவிட முக்கியம், நடை முழுக்க ஏரி முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கில்லினில் தொடங்குங்கள். காலையில் அருவியைப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் போகும் வனத்துறை மண் சாலையில் ஏறினால், உடம்பு புதிதாக இருக்கும்போதே ஏற்றம் முடிந்துவிடும். அந்தக் காட்டுப் பகுதி சுமார்தான், வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள். சும்மா கடந்துவிடலாம். ஏ85 சாலையைத் தாண்டியதும் உச்சி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 290 மீட்டர். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை 60க்கு 1 என்ற சாய்வில் இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் நடப்பதாகவே தெரியாது, யாரோ முதுகில் லேசாகக் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். மழையும் காற்றும் இங்கே அதிகமும் மேற்கிலிருந்து வருவதால் அவையும் முதுகுப் பக்கம். பாலத்தைத் தாண்டி ஒரு வளைவில் பள்ளத்தாக்கு திறந்து, கீழே லோக் எர்ன் முழு நீளத்துக்கும் கிடப்பது தெரியும். ஏரியை எதிரே வைத்துக்கொண்டு இறங்குவதற்காகத்தான் இந்தத் திசையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கில்லின்காரர்களுக்கும் இந்தப் பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1870-இல் உச்சியில் திறந்த ஸ்டேஷனுக்குக் கில்லின் என்றுதான் பெயர் வைத்தார்கள். ஊரோ கீழே ஐந்து கிலோமீட்டர் தள்ளி, செங்குத்தான சாலையில். பெயரில் மட்டும் ரயில் வந்த ஊர். கடைசியில் உள்ளூர்க்காரர்களே கம்பெனி தொடங்கி, 1886-இல் தங்கள் ஊருக்கென்று ஒரு கிளைப்பாதை போட்டுக்கொண்டார்கள். அதில் 50க்கு 1 என்று இன்னும் கடுமையான ஏற்றம். காலையில் அரை மணி நேரம் மிச்சம் இருந்தால், கில்லினில் டாக்கர்ட் ஆற்றின் மேல் அந்தக் கிளைப்பாதை போன பாலத்தில் நடந்து பாருங்கள். கிளென் ஓகிளின் கல் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எளிமையானதுதான், ஆனால் ஊர்க்காரர்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்டது.

எப்போது போவது? ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம், ஆனால் மிட்ஜ் என்ற பொடிக்கொசு. காற்று நின்றால் முகத்தில் மொய்த்துவிடும். இந்த விஷயத்தில் திறந்த சரிவில் காற்றாட இருக்கும் கிளென் ஓகிள், மரநிழலும் ஈரமும் உள்ள லப்னைக் கரையைவிட எவ்வளவோ மேல். எனக்குப் பிடித்தது அக்டோபர் முதல் பாதி. பெரணி செம்பழுப்பாகி, பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, மலையே காய்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிடும், கொசுவும் இருக்காது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்போது உச்சியிலிருந்து போய்த் திரும்பும் நடைதான் சரி. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு வேண்டும். கோடையில் புல்லில் உண்ணி இருக்கும், வீடு திரும்பியதும் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் கடை எதுவும் கிடையாது. உச்சியில் ஒரு டீ வண்டி நிற்பதுண்டு, அதை நம்பிப் போகாதீர்கள். சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து வேகமாக இறங்குவார்கள். மணி அடித்தால் ஓரம் போனால் போதும்.

சரி, யார் எதைத் தேர்ந்தெடுப்பது? கார் இல்லை, அல்லது நாள் முழுக்க மழை என்று வானிலை சொல்கிறது என்றால் கலண்டர்–ஸ்ட்ராத்தயர். பாதி தூரம் போய்த் திரும்பினாலும் நஷ்டமில்லை, ஏரியின் தென்முனை வரை நன்றாகவே இருக்கும். பெரியவர்கள் கூட வந்தால் கிளென் ஓகிள் உச்சியிலிருந்து பாலம் வரை. நல்ல பூட்ஸும் கார் ஒன்றும் இருந்து, பாலத்தின் படம் வேண்டுமென்றால் வட்டப்பாதை. மற்ற எல்லோருக்கும், ஒரே ஒரு நாள்தான் என்றால், கில்லினிலிருந்து லோக்எர்ன்ஹெட். லப்னைக் கரை மாதிரி அழகான ஏரிக்கரைகள் இந்த நாட்டில் இன்னும் பத்து இருக்கின்றன. மலை, ரயில், பாறைச்சரிவு மூன்றும் இப்படி ஒரே பார்வையில் கிடைக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசியாகப் பஸ். இந்தப் பக்கம் பஸ்கள் மிகக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம், நேரமும் அடிக்கடி மாறும். முதல் தடவை நான் லோக்எர்ன்ஹெட்டில் காரை விட்டு நடந்து, கில்லின் போய்ச் சேர்ந்தபோது கடைசி பஸ் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. நல்ல வேளையாக ஒரு வயதான தம்பதி காரில் ஏற்றிக்கொண்டார்கள். அதனால் காரை லோக்எர்ன்ஹெட்டில் நிறுத்திவிட்டு, காலையிலேயே பஸ்ஸில் கில்லின் போய்விடுங்கள். முன்தினம் இரவே பஸ் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். பிறகு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் நடந்து முடிக்கலாம், கார் கீழே காத்திருக்கும்.